நூற்றுக்கு இரண்டு பேர்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மியூசியம். முகத்துக்கு நேரே மியூசியம் அக்கா என்பார்கள். அவள் அந்தப் பக்கம் போய்விட்டால் வெறும் மியூசியம். காரணம் அவள் மேஜையின் கீழ் இழுப்பறை. திறந்தால் ஒன்பது பழைய போன்கள். திரை கீறியது ஒன்று, பின்மூடி ரப்பர் பேண்டில் நிற்பது ஒன்று, நகத்தால் குத்தினால்தான் விழித்துக்கொள்வேன் என்பது ஒன்று. மேஜைக்குப் பக்கத்து ஸ்டூலில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் வேறு. அதை ஆன் செய்துவிட்டுப் போய் நிதானமாக டீ குடித்துவிட்டு வரலாம். ஒரு வலைத்தளம் முடிந்தது என்று எல்லோரும் கை குலுக்கிக்கொண்டிருக்கும்போது, இவள் மட்டும் ஒன்பதையும் மேஜையில் வரிசையாகப் படுக்கவைத்து ஒவ்வொன்றிலும் அதைத் திறந்து பார்ப்பாள். ஆறில் ஒழுங்காக வரும். ஏழாவதில் விலையின் மேல் படம் ஏறி உட்கார்ந்திருக்கும். "இங்க உடைஞ்சிருக்கு" என்பாள். இப்படிப்பட்ட ஆளை யாருக்குத்தான் பிடிக்கும், சொல்லுங்கள்.

அலுவலகம் என்று நான் பெரிதாகச் சொல்கிறேனே தவிர, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் மூன்று அறைகள்தான். பல் மருத்துவர், கட்டில் கடை, வாடகைக் கார் என்று யார் வந்தாலும் அவர்கள் வியாபாரத்துக்கு ஒரு வலைத்தளம் செய்து கொடுப்பார்கள். அவள் அங்கே வந்து பதினோரு வருஷம். அதற்கு முன்னால் ஓர் அச்சகத்தில் நோட்டீஸ் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். ஓடுகிற பஸ்ஸில் இருப்பவனும் படித்துவிட வேண்டும், அப்படி எழுத்து இருக்க வேண்டும் என்பது அந்த வேலை கற்றுக்கொடுத்த பாடம். இங்கே அவளைச் சேர்த்துக்கொண்டது படங்களை அளவாக வெட்டிக் கொடுக்க. மற்றதையெல்லாம் அவளேதான் கற்றுக்கொண்டாள். சாப்பாட்டு வேளையில் ஒரு கையில் டிபன் டப்பா, மறு கையில் மவுஸ். கேட்டால் சொல்லிக்கொடுக்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆனாலும் பாருங்கள், பதினோரு வருஷத்தில் முழுசாக ஒரு தளம் அவள் கைக்கு வந்ததில்லை. படம் வெட்டினாள், எழுத்துப்பிழை திருத்தினாள், மற்றவர்கள் கட்டியதில் எங்கே ஓட்டை என்று தடவித் தடவிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வயதில்தான் முதல் தளம் வந்தது. அதுவும் அவள்மேல் உள்ள பிரியத்தில் அல்ல. வேகத்துக்குப் பேர்போன இளைஞன் ஒருவன் அங்கே இருந்தான், மின்னல் என்றே அழைப்பார்கள். அவன் ஒரு பெரிய ஹோட்டல் வேலையில் மாட்டிக்கொண்டதால், "இதை நீங்க பாருங்க" என்று முதலாளி அவள் பக்கம் தள்ளினார்.

தண்ணீர் பம்புக்கு உதிரி பாகம் விற்கும் நிறுவனம் அது. வாங்குகிறவர்கள் ஊர் ஊராகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்குகள். அந்த நிறுவனத்தின் பழைய தளத்தையும் இதே அலுவலகம்தான் மூன்று வருஷத்துக்கு முன் செய்து கொடுத்தது, செய்தவன் மின்னல். அந்தச் சமயம் இவள் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு இரண்டு மாத லீவில் கிடந்தாள். திரும்பி வந்தபோது தளம் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்த கதை என்று விட்டுவிட்டாள். அதைத்தான் இப்போது புதிதாகச் செய்ய வேண்டும்.

நான்கு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்தாள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. பாகத்தின் எண் மேலே, படம் நடுவில், கீழே ஒரே ஒரு பொத்தான். ஒன்பது போனிலும் திறந்தது. கிழட்டுக் கம்ப்யூட்டரிலும், மூச்சு வாங்கிக்கொண்டாவது, திறந்தது.

செவ்வாய்க்கிழமை காலை முதலாளி அதைப் பார்த்தார். வேப்பங்காயைக் கடித்தவர்போல ஆயிற்று முகம்.

"என்னம்மா இது, கல்யாண வீட்டு மளிகை லிஸ்ட் மாதிரி இருக்கு. பம்ப் ஒண்ணு சுத்தற மாதிரி வைங்க. பின்னால கறுப்பா இருக்கட்டும். பார்த்ததும் மிரளணும்."

"சுத்தற பம்ப் பழைய போன்ல வராது சார். அந்தப் பக்கமே திறக்காது."

முதலாளி தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். எந்தத் தளத்துக்கு யார் யார் வருகிறார்கள், எந்த போனில், எந்த பிரவுசரில் வருகிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் அறிக்கை. பழைய தளத்தினுடையது. "பாருங்க, பழைய போன்ல வர்றவங்க நூத்துக்கு ரெண்டு பேர். ரெண்டே ரெண்டு பேருக்காக மீதி தொண்ணூத்தெட்டு பேருக்கும் மளிகை லிஸ்ட்டா?"

எண் எதிரே நிற்கும்போது யாரால் என்ன பேச முடியும்?

"வெள்ளிக்கிழமை கம்பெனி மேடம் வர்றாங்க. அதுக்குள்ள எனக்குப் புரியற மாதிரி ஒரு காரணம் காட்டுங்க. இல்லன்னா இதை மின்னல்கிட்ட குடுத்துடுங்க. அவன் ரெண்டு நாள்ல முடிச்சுடுவான்."

முதல் தளம். கையில் வந்து நான்கு வாரம். அதற்குள் பிடுங்கப் பார்க்கிறார்கள். அவளுக்கு வந்த கோபத்தில் இழுப்பறையை ஒரு சாத்து சாத்தினாள். உள்ளே ஒன்பதும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. விடப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். எப்படி விடாமல் இருப்பது என்பதுதான் தெரியவில்லை.

அவள் வீடு இரண்டாம் மாடியில் இரண்டு அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பின் தெருவில் ஒரு தகரக் கூரை தெரியும். அதுதான் அவள் கணவனின் பட்டறை. பம்ப் மெக்கானிக். ஆமாம், அதே பம்ப்தான். அந்த நிறுவனத்தின் பாகங்களை வாங்கி மாட்டுகிறவர்களில் அவரும் ஒருவர். அன்று மாலை அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே பட்டறைக்குப் போனபோது, அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் பாகத்தின் எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். நாளைக் காலை ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய் கம்பெனிக் கடையில் வாங்கிவரப் போகிறாராம்.

"கைல போன் இருக்கு. உட்கார்ந்த இடத்துல ஆர்டர் போடலாம். எதுக்கு இந்த அலைச்சல்?"

"திறந்தா வெள்ளையா வருது. எனக்கு இதெல்லாம் வராதும்மா, விடு."

இந்தப் பேச்சு அந்த வீட்டில் புதிதல்ல. மூன்று வருஷமாக அவர் "வெள்ளையா வருது" என்பார். அவள் "ஒழுங்கா அமுக்குங்க, வரும்" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே போனைப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஒரு தடவையாவது அவள் கையை நீட்டி அதை வாங்கிப் பார்த்தாளா? இல்லை. ஊரார் தளத்தையெல்லாம் ஒன்பது போனில் உருட்டிப் பார்க்கிறவளுக்கு, சொந்தக் கணவன் சொன்னதை வாங்கிப் பார்க்கத் தோன்றவில்லை. கிரீஸ் கை, அவசர புத்தி என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

அன்றைக்கு வாங்கிப் பார்த்தாள். தளத்தின் முகவரியை அடித்தாள். வெள்ளை. மறுபடி அடித்தாள். சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெள்ளை.

"நாளைக்கு ஒரு நாள் இந்த போனைக் குடுங்க. என்னோடத நீங்க வச்சுக்கங்க."

"உங்க அம்மா கூப்பிட்டா நான் மாட்டிக்குவேனே."

"மாட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

புதன்கிழமை காலை அவள் செய்தது மிகச் சின்ன வேலை. எண்ணிச் சொல்லும் அந்த அறிக்கையில், இந்த நிமிஷம் தளத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு மூலை உண்டு. அதைத் திறந்து வைத்தாள். மூன்று என்றது. மின்னலின் புது போனை இரவல் வாங்கி அதில் பழைய தளத்தைத் திறந்தாள். மூன்று நான்காயிற்று. சரி. அடுத்து கணவனின் போனில் திறந்தாள். வெள்ளை. எண்ணிக்கை நான்கிலேயே நின்றது. காத்திருந்தாள். நான்கு. இழுப்பறையிலிருந்து ஒன்பதையும் எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஏழில் வெள்ளை. அந்த ஏழில் ஒன்றைக்கூட அது எண்ணவில்லை.

விஷயம் அப்போதுதான் உறைத்தது. ஆட்களை எண்ணும் நிரலும் அந்தப் பக்கத்தின் ஒரு பகுதிதான். பக்கம் திறந்தால்தான் அது வேலையே செய்யும். வருகிறவர்களை எண்ணுவதற்கு ஓர் ஆளை வைத்தார்கள். அவனை வாசலில் நிறுத்தாமல் வீட்டுக்குள்ளே உட்காரவைத்துவிட்டார்கள். கதவு திறக்காமல் வெளியே நின்று தட்டிவிட்டுப் போனவனை உள்ளே இருக்கிறவன் எப்படி எண்ணுவான்? இரண்டே பேர் என்று சத்தியம் பண்ணியிருக்கிறான், அவ்வளவுதான். அவன் கணக்கில் அவள் கணவர் பிறக்கவே இல்லை.

மின்னலைக் கூப்பிட்டுக் காட்டினாள். கெட்டிக்காரப் பையன், பார்த்த உடனேயே புரிந்துகொண்டான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏழு போன்ல வெள்ளைன்னா... இந்த மாதிரி போன் இப்ப யார்கிட்ட இருக்கு அக்கா? அது உங்க மியூசியத்துல மட்டும்தான் இருக்கும்."

"இது எங்க வீட்டுக்காரரோட போன். நேத்து சாயங்காலம் வரைக்கும் பட்டறைல இருந்துச்சு."

அவன் தன் நாற்காலிக்குப் போய்விட்டான்.

ஒரு போன் ஒரு காரணம் ஆகாது என்பது அவளுக்கும் தெரியும். உங்க வீட்டுக்காரரைப் போல எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலாளி கேட்பார். ஆனால் தளத்தை வைத்திருக்கும் சர்வர் கம்ப்யூட்டர் தன் பங்குக்கு ஒரு குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கும். பக்கம் திறந்ததோ இல்லையோ, யார் வந்து தட்டினாலும் என்ன நேரம், எந்த இணைப்பு, என்ன போன், என்ன பிரவுசர் என்று ஒரு வரி போட்டுவிடும். யாரும் அதைப் படிப்பதில்லை, அவ்வளவு வறட்சியான எழுத்து. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு போன் போட்டாள்.

"ஆறு மாசத்துக்குதான் இருக்கு. அதுக்கு முன்னால உள்ளதை அழிச்சாச்சு. அதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"படிக்கப் போறேன்."

"முழுசாவா?" என்று கேட்டு அவர் சிரித்தார். ஆனாலும் அனுப்பிவைத்தார்.

படித்தாள். அன்று சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிரவில்லை. தேடல் நிறுவனங்களின் ரோபோக்கள் வந்து போன வரிகளை முதலில் களைந்தாள். ஒரே ஆள் பத்து தடவை தட்டியிருந்தாலும் ஒருவர் என்றே வைத்துக்கொண்டாள். மிச்சத்தைப் பிரித்துப் பார்த்தாள். பழைய போன்காரர்கள் நூற்றுக்கு முப்பத்தேழு பேர்.

வீட்டுக்குப் போகும் வழியில் மறுபடி பட்டறை. கணவர் ஒரு பம்பைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தப்பு உங்க கையில இல்லங்க. நாங்க செஞ்சது தப்பு. மூணு வருஷமா உங்களைத்தான் குத்தம் சொல்லிட்டு இருந்திருக்கேன்."

"அதுக்கென்ன இப்ப? நீ சொல்லாத குத்தமா?" என்றார் அவர்.

அவர் சிரித்தார். இவளுக்கு அழுகை வந்தது. அழுதாள், அங்கேயே, கிடந்த ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, தான் செய்த புதுப் பக்கத்தை அவர் போனில் திறந்து நீட்டினாள். "ஆர்டர் போடுங்க, நான் பார்க்கணும்." திறந்தது. ஆனால் அவர் விரலால் அமுக்கவில்லை. விரலெல்லாம் கிரீஸ், சுண்டுவிரல் முட்டியால் ஓர் இடி இடித்தார். பொத்தானில் படாமல் பக்கத்து வெற்றிடத்தில் பட்டது. மறுபடி இடித்தார், மறுபடி தவறியது. மெக்கானிக்குகள் முட்டியால் போன் பார்ப்பார்கள் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. வியாழக்கிழமை காலை முதல் வேலையாகப் பொத்தானைத் திரையின் அகலத்துக்கு இழுத்துவிட்டாள்.

அதன் பிறகு அந்த முப்பத்தேழு கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு முதலாளியிடம் போனாள். அவர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இது நிஜமா?"

"நிஜம் சார்."

"மேடத்துக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? அந்தத் தளத்தைச் செஞ்சது நாம. நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா? இங்க பாருங்க, தளத்தை நீங்களே செய்யுங்க. சுத்தற பம்ப் வேணாம், மளிகை லிஸ்ட்டே இருக்கட்டும். இந்தக் காகிதம் மட்டும் வெளிய போக வேணாம்."

யோசித்துப் பாருங்கள். கேட்டது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தால் தளம் அவளுடையது. அவளும் கதவு வரைக்கும் வந்துவிட்டாள், பொய் சொல்வானேன். கைப்பிடியில் கை வைத்தவள் நின்றாள்.

"அறிக்கையில நூத்துக்கு ரெண்டுன்னு மேடத்துக்கு மாசாமாசம் அனுப்பியிருக்கோம் சார். நாளைக்கு அதைப் பார்த்துட்டு, ரெண்டு பேருக்காக எதுக்கு இப்படின்னு அவங்க கேட்டா நான் என்ன சொல்றது? பொய் எண்ணை வச்சுக்கிட்டு நல்ல தளம் செய்ய முடியாது. நீங்க காட்டலன்னா நான் காட்டுவேன்."

"காட்டினா மேடம் வேற ஆளைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. உங்களுக்கும் தளம் இல்ல, எனக்கும் இல்ல."

"தெரியும் சார்" என்றாள். தெரிந்துதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேடம் வந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர், அப்பாவுக்குப் பிறகு கம்பெனியை ஒற்றை ஆளாக நடத்துகிறவர், அதிகம் பேசாதவர். நடு அறையில் முதலாளி, மின்னல், அவள். முதலாளி புதுத் தளத்தைப் பற்றி வளைத்து வளைத்துப் பேசிக்கொண்டே போனார். காகிதத்தின் பக்கம் வரவே இல்லை. அவர் மூச்சுவிட்ட இடத்தில் அவள் பேசினாள்.

"மேடம், உங்களுக்கு நாங்க அனுப்பின அறிக்கை தப்பு."

அவள் பூசி மெழுகவில்லை. பக்கம் திறக்காவிட்டால் எண்ணிக்கையும் நடக்காது என்பதை இரண்டு போனை மேடத்தின் முன் வைத்து, திறந்தே காட்டினாள். நூற்றுக்கு இரண்டு இல்லை, முப்பத்தேழு என்றாள். முதலாளி மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தளத்தை யார் செஞ்சது?" மேடம் கேட்டார்கள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மின்னல் பேசினான். "நான்தான் மேடம். என் போன்ல மட்டும் பார்த்தேன். நல்லா வந்துச்சு. அதோட விட்டுட்டேன்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். இப்படிச் சொல்வான் என்று அவள் நினைக்கவில்லை. மனசுக்குள் அவனை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். அந்த நிமிஷம் அவன்மேல் மதிப்பு வந்துவிட்டது.

பிறகு மேடத்திடம் ஒரே ஒரு தாளை நீட்டினாள். சர்வர் எழுதி வைத்த வரிகளில் ஐந்து வரி. ஒரே போன், ஒரே காலை. ஏழு பன்னிரண்டுக்கு ஒரு தடவை தட்டியிருக்கிறது. ஏழு பதின்மூன்றுக்கு இரண்டு தடவை. ஏழு பதினைந்துக்கு. பிறகு ஏழு இருபத்தொன்றுக்கு. அதன்பின் அந்த ஆறு மாதக் குறிப்பில் அந்த போன் வரவே இல்லை.

மேடம் அந்த ஐந்து வரியின்மேல் விரலை ஓட்டிப் படித்தார்கள்.

"பட்டறையைத் திறந்துட்டு, பாகம் தேடியிருக்கார்" என்றார்கள். "பதினஞ்சுக்கும் இருபத்தொண்ணுக்கும் நடுவுல என்ன பண்ணியிருப்பார்?"

"போனை அணைச்சு மறுபடி ஆன் பண்ணியிருப்பார் மேடம். நான் பார்த்திருக்கேன், அப்படித்தான் பண்ணுவாங்க."

"நம்மளைத் திட்டியிருப்பார்."

"திட்டியிருந்தா ஒரு போனாவது உங்களுக்கு வந்திருக்கும். இத்தனை பேர்ல ஒருத்தர்கூடத் திட்டல. தனக்குத்தான் தெரியலன்னு எல்லாரும் பேசாம இருந்துட்டாங்க."

மேடம் தாளை மேஜையில் வைத்தார்கள். "இவரை இப்ப கூப்பிட முடியுமா?"

"முடியாது மேடம். போன் மாடலும் இணைப்பு எண்ணும்தான் தெரியும். யாருன்னு தெரியாது."

கீழே கண்ணாடிக் கடையில் யாரோ எதையோ துளையிடும் சத்தம் கேட்டது. இப்போது மேடம் எழுந்து போய்விடுவார்கள் என்று அவள் நினைத்தாள். போகட்டும், சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்றும் நினைத்தாள்.

மேடம் முதலாளியின் பக்கம் திரும்பவில்லை. அவளைப் பார்த்தே பேசினார்கள். "இதை நீங்களே செய்யுங்க. நீங்க சொன்னாதான் முடிஞ்சதுன்னு அர்த்தம். இனிமே எத்தனை பேர் வந்தாங்கன்னு எனக்கு அனுப்ப வேணாம். திரும்பிப் போனவங்க எத்தனை பேர்னு மட்டும் மாசாமாசம் சொல்லுங்க. பூஜ்யம்னு எப்ப சொல்வீங்க?"

சரி என்று தலையாட்டியிருக்கலாம். பதினோரு வருஷம் காத்திருந்து வந்த தளம் அது. மூன்று மாதம் என்று எதையாவது சொல்லியிருந்தால் மேடம் சந்தோஷமாகப் போயிருப்பார்கள்.

"பூஜ்யம் ஆகவே ஆகாது மேடம்" என்றாள். "எங்கேயாவது ஒரு போன் இருக்கும், நான் பார்க்காதது. ஆனா இனிமே ஒருத்தர் திரும்பிப் போனாலும் எனக்குத் தெரியும்."

மேடம் தலையசைத்தார்கள். அந்த ஐந்து வரித் தாளை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்கள்.